கடைக்கண்ணில் தெரிந்த ஆசை: டாக்டர் நீஸி ட சில்வெய்ரா, ஒரு நிகழ்வு ஆய்வு

1936. ரியோ டி ஜெனிரோவில் கடலை ஒட்டியிருந்த மனநல மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் அங்கேயே ஓர் அறையில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மனச்சிதைவு உள்ள ஒரு பெண் தினமும் காலையில் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பார். டாக்டரின் அறையில் மார்க்சியப் புத்தகங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நர்ஸ் மேலிடத்தில் போட்டுக்கொடுக்க, போலீஸ் வந்து டாக்டரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. விஷயம் காதுக்கு எட்டியதும், காபி கொண்டுவரும் அந்தப் பெண் நர்ஸைத் தேடிப்போய் அடி பின்னிவிட்டார்.

அடித்தது நல்ல காரியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காலத்து மருத்துவப் புத்தகங்கள் மனச்சிதைவு பற்றி என்ன சொல்லின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மங்கிவிடும், பாசம் வற்றிவிடும், போகப்போக உள்ளே எதுவும் மிஞ்சாது என்றுதான் எழுதியிருந்தார்கள். உள்ளே எதுவும் இல்லாத ஒருவர், தன் டாக்டருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கொதித்துப்போய் எதற்காகக் கையை ஓங்க வேண்டும்? கைதான அந்த டாக்டர் இந்தச் சம்பவத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. உணர்ச்சி சாகவில்லை, நமக்குத்தான் கண்ணில் படவில்லை என்பதற்கு அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன சாட்சி இதுதான்.

அந்த டாக்டர் நீஸி ட சில்வெய்ரா. அவரைக் கிறுக்கு என்றவர்களும் உண்டு, தெய்வமாக நினைத்தவர்களும் உண்டு. பூனைகளோடு வாழ்ந்தார், வார்டுக்குள் நாய்களை விட்டார், முந்நூறு வருஷம் முன்னால் செத்துப்போன தத்துவவாதி ஸ்பினோசாவுக்குக் கடிதம் எழுதினார். இதையெல்லாம் மேதைகளுக்கு இருக்கும் விசித்திரப் பழக்கம் என்று ரசித்துவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் விசித்திரமாகத் தெரிந்த பெரும்பாலான காரியங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், அந்தக் காபிப் பெண்ணிடம் கற்றுக்கொண்டதை நாற்பது ஐம்பது வருஷம் விடாமல் கடைப்பிடித்தார் என்பது தெரியும். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நீஸி பிறந்தது 1905 பிப்ரவரி 15, பிரேசிலின் வடகிழக்கில் உள்ள மசெயோ நகரத்தில். அப்பா கணக்கு வாத்தியார், பத்திரிகையாளரும்கூட. அம்மா பியானோ வாசிப்பவர். 16 வயதில் பாஹியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1926-ல் படித்து முடித்தபோது, அந்த வகுப்பில் 157 ஆண்கள், பெண் இவர் ஒருத்தர்தான். கூடப் படித்த மாரியோவையே மணந்துகொண்டார். அவர் பொதுச் சுகாதாரத் துறையில் பேர் வாங்கியவர். குழந்தைகள் கிடையாது. அப்பா இறந்த பிறகு 1927-ல் ரியோவுக்கு வந்தார். 1933-ல் தேர்வு எழுதி அரசு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார்.

சிறையில் ஒன்றரை வருஷம் போல இருந்தார். எழுத்தாளர் கிரசிலியானோ ராமோஸும் அப்போது அங்கே கைதி. அவர் தன் சிறை நினைவுகளில் நீஸியைப் பற்றி எழுதியிருக்கிறார். வெளியே வந்த பிறகும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை, போலீஸ் மறுபடி வருமோ என்று பாதி ஒளிந்த வாழ்க்கைதான். அந்த வருஷங்களில்தான் ஸ்பினோசாவைப் பிடித்துக்கொண்டார். 1944-ல் வேலை திரும்பக் கிடைத்தபோது எட்டு வருஷம் ஓடிப்போயிருந்தது. இந்த முறை போட்ட இடம் ரியோவின் புறநகரில் எஞ்ஜென்யோ டி டென்ட்ரோ என்ற இடத்திலிருந்த பெரிய அரசு மருத்துவமனை.

அந்த எட்டு வருஷத்தில் மனநல மருத்துவம் தலைகீழாக மாறியிருந்தது. 1935-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளை நரம்பை வெட்டும் லோபோடமியைத் தொடங்கிவைத்தார். 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் மின் அதிர்ச்சி சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். இன்சுலின் ஊசி போட்டு நோயாளியைக் கோமாவுக்குக் கொண்டுபோகும் முறை இன்னொரு பக்கம். எஞ்ஜென்யோ டி டென்ட்ரோவிலும் இவை எல்லாம் வந்துவிட்டன. நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டு வந்த டாக்டருக்குப் புது முறைகளைக் காட்டித்தர வேண்டுமே என்று சக டாக்டர் ஒருவர் அவரை வார்டுக்கு அழைத்துப் போனார். ஒரு நோயாளியைப் படுக்கவைத்து பட்டனை அழுத்தினார், உடம்பு தூக்கிப்போட்டது. அவரை எடுத்துக்கொண்டு போனார்கள், அடுத்தவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். "இப்போது நீங்கள் அழுத்துங்கள்" என்றார் டாக்டர். நீஸி, "அழுத்த மாட்டேன்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இன்று மின் அதிர்ச்சி சிகிச்சை மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்யப்படுகிறது, கடுமையான மனச்சோர்வில் பலரைக் காப்பாற்றியும் இருக்கிறது. யாருக்காவது டாக்டர் அதைப் பரிந்துரைத்திருந்தால் இந்தக் கதையைப் படித்துவிட்டுப் பயந்து ஓட வேண்டாம். நீஸி பார்த்தது வேறு காட்சி. முழு விழிப்பில் இருப்பவரைப் பிடித்துப் படுக்கவைத்து, அவர் சம்மதத்தைக் கேட்காமல், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் செய்தது. சிறையில் இருந்துவிட்டு வந்தவரின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்சுலினும் போட மாட்டேன், லோபோடமிக்கும் துணை போக மாட்டேன் என்று சொல்லிவிட்ட டாக்டரை வைத்துக்கொண்டு நிர்வாகம் என்ன செய்யும்? கடைசியில் மிஞ்சியது 'தொழில்வழி சிகிச்சை' என்ற பிரிவு. பேர்தான் சிகிச்சை. நோயாளிகள் வார்டைக் கூட்டுவார்கள், கழிவறை கழுவுவார்கள், துணி துவைப்பார்கள், அவ்வளவுதான். எந்த டாக்டரும் ஆசைப்பட்டுப் போகிற இடம் அல்ல. நீஸி அதை வாங்கிக்கொண்டார். முதலில் தையல், அப்புறம் புத்தகம் பைண்டிங், தச்சு, இசை, நாடகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். 1946-ல் ஓவிய அறை திறந்தது. அதே மருத்துவமனையில் வேலை பார்த்த அல்மிர் மாவினியெர் என்ற இளைஞர் ஓவியரும்கூட, அந்த அறையை நடத்த அவர்தான் கைகொடுத்தார்.

அறையின் விதிகள் எளிமையானவை, ஆனால் கடைப்பிடிப்பது கஷ்டம். யாருக்கும் வரையச் சொல்லித்தரக் கூடாது. பார்த்து வரைய மாதிரிப் படம் வைக்கக் கூடாது. இதை வரை அதை வரை என்று தலைப்புக் கொடுக்கக் கூடாது. வண்ணமும் தாளும் களிமண்ணும் இருக்கும். கூடவே ஒரு மனிதர் இருப்பார், அவர் குறுக்கிடாமல், அவசரப்படாமல், விட்டுப்போகாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பக்கத்தில் இருப்பவரை நீஸி வேதியியலிலிருந்து சொல் எடுத்து 'பாச வினையூக்கி' என்ற பொருளில் அழைத்தார். வினையூக்கி தான் மாறாமல் இருந்தபடி வினை நடக்க உதவும், அந்த மனிதரின் வேலையும் அதுதான் என்று நினைத்தார். அங்கே வருபவர்களை 'நோயாளி' என்று சொல்ல மாட்டார். போர்ச்சுகீசியத்தில் நோயாளியைக் குறிக்கும் சொல்லுக்குப் பொறுமையாகப் பொறுத்துக்கொண்டு கிடப்பவர் என்றும் பொருள் உண்டு. அது அவருக்குப் பிடிக்காது. கிளையண்ட் என்றே சொல்வார், அவர்களுக்குக் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது என்ற அர்த்தத்தில்.

எமிஜியோ டி பாரோஸின் கதை எனக்கு இதில் ரொம்ப நெருக்கமானது. கடற்படைத் தளவாடக் கூடத்தில் மெக்கானிக். கெட்டிக்காரர் என்று பயிற்சிக்காக பிரான்ஸுக்கே அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்த கொஞ்ச நாளில் நிலை குலைந்தது, 1924-ல் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அப்புறம் 23 வருஷம் உள்ளேயேதான். யாரிடமும் பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை. தினமும் ஒரு பணியாளர் வார்டுக்கு வந்து, பயிலறைகளுக்குப் போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். எமிஜியோ பட்டியலில் கிடையாது, அவரை யாரும் கூப்பிட்டதும் இல்லை. 1947-ல் ஒருநாள் அந்தப் பணியாளர் எமிஜியோவையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, வருவதற்கு ஆசை இருப்பது அவர் கடைக்கண்ணில் தெரிந்தது என்றிருக்கிறார்.

கடைக்கண்ணில்! 23 வருஷத்துக் கேஸ் ஃபைலில் இல்லாத ஒன்றை, ஆட்களைக் கூட்டிப்போக வந்த ஒருவர் பார்த்துவிட்டார். எமிஜியோ தூரிகையை எடுத்த முதல் நாட்களிலேயே மாவினியெர் அசந்துபோனார். மரங்கள், ஜன்னல்கள், வெளிச்சம், அடுக்கடுக்காக நிறம். பிற்காலத்தில் பிரேசிலின் பெரிய கவிஞரும் கலை விமர்சகருமான ஃபெரெய்ரா குல்லர், பிரேசில் ஓவியத்தில் மேதை என்று ஒருவரைச் சொல்வதானால் எமிஜியோவைத்தான் சொல்லத் தோன்றுகிறது என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். அந்தப் புகழைவிட அந்தப் பணியாளரின் கண்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீஸியிடம் வேலை பார்த்ததால் பழகிய கண் அது.

ஃபெர்னாண்டோ டினிஸின் கதை வேறு மாதிரி. அம்மா பணக்கார வீடுகளுக்குப் போய்த் துணி தைப்பவர். பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒண்டுக்குடித்தனத்தில்தான் வாசம், ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய வீடுகளுக்குள்ளும் போய்வந்த குழந்தை. படிப்பில் நன்றாக இருந்தார். அம்மா வேலை பார்த்த வீட்டுப் பெண்ணின் மேல் மனதுக்குள் ஆசை, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் படிப்பை விட்டார். 1944-ல் கோபகபானா கடலில் நிர்வாணமாகக் குளித்ததற்காகப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஓவிய அறைக்கு வந்த புதிதில் அவர் தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாம் குவிந்து கிடக்கும், எது எது என்று பிரிக்கவே முடியாது. அப்புறம் மெல்ல மெல்லப் பிரிந்து வருகிறது. ஒரு தாளில் மரப்பலகைத் தரை மட்டும். இன்னொன்றில் மேசை. வேறொன்றில் பியானோ. நாளாக நாளாக இந்தத் துண்டுகள் ஒரே தாளில் ஒன்றுகூடி, தரை போட்டு, அதன் மேல் மேசையும் பியானோவும் வைத்து, ஒரு முழு வரவேற்பறை எழுந்து நிற்கிறது. சின்ன வயதில் அம்மாவோடு போய்ப் பார்த்த வீட்டை அந்த மனிதர் தானே கட்டிக்கொண்டார். காலடியில் உறுதியான தரை வேண்டும் என்பதைத்தான் அவர் முதலில் வரைந்தார் என்று நீஸி வாசித்தார். தனியாக ஒரு படத்தைப் பார்த்தால் இது தெரியாது, வரிசையாகத் தேதி போட்டு வைத்தால்தான் தெரியும். அதனால்தான் ஒரு படத்தைக்கூட விற்க அவர் சம்மதிக்கவில்லை. நல்ல விலைக்குப் போகும் என்று சொன்னவர்கள் நிறைய. ஒரு படம் போனால் அந்த மனிதரின் கதையில் ஒரு பக்கம் கிழிந்த மாதிரி என்பது அவர் கட்சி.

ரஃபேல் டோமிங்கேஸ் என்ற இன்னொருவர், கோட்டோவியத்தில் கை அப்படி ஓடும். மாவினியெர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஓடியது. 1951-ல் மாவினியெர் ஐரோப்பாவுக்குப் போன பிறகு அந்தக் கோடுகள் கிறுக்கல்களாகத் தேய்ந்தன. பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

1949-ல் இந்த அறையிலிருந்து 9 பேரின் படைப்புகள் சாவோ பாலோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்குப் போயின. விமர்சகர் மாரியோ பெட்ரோசா இவர்களுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். அந்த ஒன்பது பேரில் ஒருவர் லூசியோ, போர்வீரர்களைக் களிமண்ணில் வடித்தவர். திமிறி நிற்கும் உருவங்கள் அவை. அதே 1949-ல் லூசியோவுக்கு லோபோடமி செய்தார்கள். நீஸி எதிர்த்தும் பயனில்லை. அதற்குப் பிறகு லூசியோ செய்த உருவங்களையும் நீஸி எடுத்து வைத்தார். சின்னக் குழந்தை பிடித்துவைத்த களிமண் மாதிரி இருக்கும், முந்தைய வீரர்களின் நிழல்கூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த ஆண்டு மருத்துவ நோபல் பரிசு லோபோடமிக்காக எகாஸ் மோனிஸுக்குப் போனது. எனக்கு இந்த இடத்தில் இன்றும் கோபம்தான் வருகிறது.

நாய்க் கதைக்கு வருவோம். 1950-களில் மருத்துவமனை வளாகத்தில் பட்டினியில் சுருண்டு கிடந்த ஒரு குட்டி நாயைப் பார்த்தார் நீஸி. பக்கத்தில் இருந்த ஒரு கிளையண்டிடம், இதை நீ பார்த்துக்கொள்கிறாயா, நன்றாகப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். அவர் சரி என்றார். பார்த்தும் கொண்டார், அவரிடமும் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. அதிலிருந்து நாய்களும் பூனைகளும் அங்கே உதவி மருத்துவர்கள் மாதிரி ஆகிவிட்டன. மனிதர்களை நம்பிப் பலமுறை அடிபட்டவருக்கு நாயை நம்புவது சுலபம், அது தேடி வரும், கோபித்துக்கொண்டு போய்விடாது, நேற்று நீ என்ன பேசினாய் என்று கேட்காது. வெளியுலகத்தோடு அறுந்துபோன கயிற்றின் ஒரு முனையை அது பிடித்துக்கொள்ளும். சுத்தம் இல்லை, சுகாதாரம் இல்லை என்று மற்ற டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு ஒருநாள் யாரோ நாய்களுக்கு விஷம் வைத்துவிட்டார்கள். வளர்த்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை நீஸி எழுதிவைத்திருக்கிறார். உணர்ச்சியே கிடையாது என்று புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தவர்கள் அவர்கள்.

1952 மே 20-ல் ஆழ்மனப் பிம்பங்களின் அருங்காட்சியகம் அந்த மருத்துவமனைக்குள்ளேயே திறந்தது. இன்று அங்கே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். இவற்றில் திரும்பத் திரும்ப வட்ட வடிவங்கள் வருவதை நீஸி கவனித்தார். மனம் சிதறுகிறது என்றால் வட்டம் எதற்கு? சிதறும் மனம் ஒருமையைத் தேடாது அல்லவா. 1954-ல் படங்களைப் புகைப்படம் எடுத்து சுவிட்சர்லாந்தில் இருந்த புகழ்பெற்ற உளவியலாளர் கார்ல் யுங்குக்கே அனுப்பிவிட்டார். ஆமாம், இவை மண்டலங்கள் (மண்டலா என்ற வட்டச் சித்திரங்கள்), மனம் தன்னைத்தானே கூட்டிச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. 1957-ல் சூரிச்சில் நடந்த உலக மனநல மருத்துவ மாநாட்டில் படங்களைக் காட்சிக்கு வைத்தார், யுங் நேரில் வந்து பார்த்தார். புராணங்களைப் படி, இல்லாவிட்டால் இவர்கள் சொல்வதும் வரைவதும் உனக்குப் பிடிபடாது என்று அவர் சொன்னதை நீஸி அப்படியே எடுத்துக்கொண்டார். அடெலினா கோமெஸ் என்பவர் பெண்கள் பூவாக மாறுவதை வரைந்துகொண்டே இருந்தபோது, அப்போலோவிடமிருந்து தப்ப மரமாகிப்போன கிரேக்கப் பெண் டாஃப்னியின் கதையை வைத்து அதைப் புரிந்துகொண்டார். இளவயதில் அம்மாவுக்குப் பிடிக்காத ஒருவரை விரும்பி, அம்மா சொல்லுக்காக அந்த ஆசையைக் கைவிட்டவர் அடெலினா.

இந்த விளக்கங்களையெல்லாம் எல்லோரும் ஏற்க வேண்டும் என்றில்லை. யுங்கின் கருத்துகளைச் சோதித்து நிரூபிப்பது கடினம். ஓவியம் வரையாத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியாகவும் நீஸி இதைச் செய்யவில்லை. மருந்துகளைக் கொட்டிக் கொடுப்பதை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தாலும், மருந்தால் வீடு திரும்பியவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அவருக்கே மரியாதை இல்லை. ஆனால் இந்த மனிதர்களுக்குள் உலகம் இருக்கிறது, அதோடு பேச வழி இருக்கிறது என்று அவர் சொன்னதற்குச் சாட்சி மூன்றரை லட்சம் தாள்களாகக் கிடக்கிறது.

வீட்டுக்குப் போனவர்கள் கொஞ்ச நாளில் மறுபடி மருத்துவமனைக்கே திரும்பி வருவது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. 1956 டிசம்பரில் நண்பர்களோடு சேர்ந்து 'காஸா தாஸ் பால்மெய்ராஸ்', அதாவது பனைமர வீடு என்ற இடத்தைத் தொடங்கினார். பகலில் வந்து போகலாம், கதவு ஜன்னல் எதற்கும் பூட்டு கிடையாது. யார் டாக்டர், யார் கிளையண்ட் என்று ஆடையை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே ஒரு கிளையண்ட் துணியில் ஒரு பூனை செய்துவிட்டு, அந்த மெத்தென்ற பொருளைக் கையாளும்போது தனக்கு ஏற்பட்ட உணர்வைச் சில வரிகளில் எழுதினார். கையாளும் உணர்ச்சி என்று அவர் எழுதியதை நீஸி எடுத்துக்கொண்டார். தொழில்வழி சிகிச்சை என்ற பேர் வறட்டுத்தனமாக இருக்கிறது என்று வெகுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர், இனி இதுதான் பேர் என்றார். தன் துறைக்கு ஒரு கிளையண்டிடமிருந்து பேர் வாங்கிய டாக்டர் வேறு யாராவது இருக்கிறார்களா, எனக்குத் தெரிந்து இல்லை.

1975-ல் 70 வயது நிறைந்ததும் சட்டப்படி கட்டாய ஓய்வு. அடுத்த நாளே அருங்காட்சியகத்துக்கு வந்து, புதிதாகச் சேரும் பயிற்சியாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதற்கப்புறமும் பல வருஷம் வேலை நடந்தது. ரியோவில் அவர் வீட்டில் வாராவாரம் படிப்பு வட்டம் கூடும். மாணவர்கள், நடிகர்கள், டாக்டர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம், நாற்காலிகளில் பூனைகளுக்குத்தான் முதல் உரிமை. கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். 1998-ல் வந்த அவருடைய கடைசிப் புத்தகம் பூனைகளைப் பற்றியது, அதன் தலைப்பிலும் அந்தக் கிளையண்ட் தந்த சொற்கள் இருக்கின்றன.

1999 அக்டோபர் 30-ல், 94 வயதில் போய்ச் சேர்ந்தார். ஃபெர்னாண்டோவும் அதே ஆண்டு மார்ச்சில்தான் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த மருத்துவமனைக்கு நீஸியின் பேரையே வைத்தார்கள். 2001-ல் மனநோயாளிகளைப் பெரிய விடுதிகளில் அடைத்துவைப்பதை மாற்றும் சட்டம் பிரேசிலில் வந்தது. 2022-ல் நாட்டின் வீரர்கள், வீராங்கனைகள் பேர் பொறிக்கும் ஏட்டில் அவர் பேரைச் சேர்க்கும் சட்டத்தை அப்போதைய அதிபர் தடுத்தார், நாடாளுமன்றம் அந்தத் தடையைத் தூக்கி எறிந்து பேரைச் சேர்த்தது.

அந்தக் காபிப் பெண்ணின் பேர் அந்த ஏட்டில் இல்லை. ஆனால் நீஸி தன் கதையைச் சொன்னபோது அந்தப் பெண்ணையும் சேர்த்தே சொன்னார்.